டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் கார்புரேட்டர்: கோளாறு எந்த முறுக்கில் வருகிறது?

"வண்டி அடைக்குது", "பிக்கப்பே இல்ல", "ஸ்டார்ட் ஆகுது, ஆனா நிக்க மாட்டேங்குது." டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கேட்ட மாத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் கண்ணில் பட்ட திருகைத் திருகுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கும்போது இந்தக் கோளாறு வருகிறது?

எந்த வேகத்தில் என்பதோ எந்த கியரில் என்பதோ இங்கே கேள்வியில்லை. முறுக்கின் அளவுதான் முக்கியம். கார்புரேட்டருக்கு வண்டியின் வேகம் தெரியாது. முறுக்க முறுக்க மேலே ஏறிக் காற்றின் வழியைத் திறக்கும் ஸ்லைடு என்ற பாகம் உள்ளே எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு உயரத்திலும் பெட்ரோல் வெவ்வேறு வழியாக வருகிறது. வழி தெரிந்துவிட்டால் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நம்மூரில் மண் தடத்தில் ஓடும் டூ-ஸ்ட்ரோக்குகளில் பல, யமஹா ஆர்எக்ஸ்100, ஆர்எக்ஸ்135 போன்ற ரோட்டு வண்டிகளைப் பிரித்து மாற்றிக் கட்டியவை. அவற்றில் இருப்பது மிகுனியின் விஎம் வகை, அதாவது உருண்டை ஸ்லைடு வைத்த எளிய கார்புரேட்டர். மோட்டோகிராஸுக்கென்றே செய்யப்பட்ட யமஹா ஒய்இசட்250-இல் 38 மி.மீ. வாய் உள்ள கெய்ஹின் கம்பெனியின் பிடபிள்யூகே கார்புரேட்டர் இருக்கிறது. அளவும் ஸ்லைடின் வடிவமும் வேறு என்றாலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் கைவந்துவிடும்.

காற்றும் பெட்ரோலும்

பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸ் என்ற அறையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று ஏர் ஃபில்டர் வழியாகக் கார்புரேட்டருக்குள் பாய்கிறது. கார்புரேட்டரின் நடுப்பகுதி குறுகலானது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும்; வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். அடியில் இருக்கும் கிண்ணத்துக்குள் பெட்ரோலின் மேல் இருப்பதோ சாதாரண வெளிக்காற்றின் அழுத்தம். இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் (அளவான துளை உள்ள சிறு பித்தளைத் துண்டு) வழியாக மேலே தள்ளுகிறது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது.

இதிலிருந்தே டர்ட் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் மெல்லிய ரப்பர் குழாய்கள் தொங்கும். கிண்ணத்துக்கு வெளிக்காற்றைக் கொடுப்பது அவைதான். சேற்றில் ஓட்டும்போது அவற்றின் வாயில் மண் அடைத்துக்கொண்டால் கிண்ணத்துக்குள் காற்று போகாது, பெட்ரோலும் மேலே ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மூச்சு விட முடியாமல் நின்றுபோகும். ஜெட்டையெல்லாம் கழற்றுவதற்கு முன்னால் இந்தக் குழாய்களை ஊதிப் பாருங்கள்.

காற்றோடு சேரும் பெட்ரோல் தேவைக்குக் குறைந்தால் கலவை லீன், கூடினால் ரிச். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் லீன் என்பது ஒரு தொந்தரவு. டூ-ஸ்ட்ரோக்கில் அது எஞ்சினையே காலி செய்துவிடும். காரணம், பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தேதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எரியும் சூடு ஏறுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஆயிலும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். அதனால் எந்த ட்யூனிங்காக இருந்தாலும் ரிச் பக்கத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக லீன் பக்கம் இறங்கி வாருங்கள். ரிச்சாக இருந்தால் பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் வாயில் கருப்பாக எண்ணெய் ஒழுகும். ஒரு பிளக் மாற்றினால் போகிற செலவு அது.

இங்கே பலரும் நம்பும் ஒரு தவறான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். "ஆயிலை ஜாஸ்தி ஊத்தினா கலவை ரிச் ஆகிடும்" என்பார்கள். நடப்பது அதற்கு எதிர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 32-க்கு 1 என்றால் சுமார் 31 மி.லி. ஆயில், 40-க்கு 1 என்றால் 25 மி.லி.; 50-க்கு 1 என்றால் 20 மி.லி. ஆயில் கூடும்போது அதே ஜெட் துளை வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, திரவமும் கெட்டியாகிறது. ஆக, காற்றுக்குக் கிடைக்கும் பெட்ரோல் குறைந்து கலவை லீன் பக்கம் போகிறது. ஆயில் விகிதத்தை ஒருமுறை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். அதை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

நான்கு வழிகள்

ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு சின்ன வெள்ளை டேப் ஒட்டுங்கள். எதிரே அசையாத பகுதியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடு போடுங்கள். ஐந்து நிமிட வேலை. இனி "எங்கேயோ அடைக்குது" என்று சொல்ல வேண்டியிருக்காது.

மூடிய நிலையிலிருந்து ஏறக்குறைய கால் முறுக்கு வரை வேலை செய்வது பைலட் ஜெட்டும் அதோடு சேர்ந்த திருகும். அங்கேயே, அரைக்கால் முறுக்கிலிருந்து கால் முறுக்குக்குள், ஸ்லைடின் அடியில் ஏர் ஃபில்டர் பக்கமாகச் சாய்வாக வெட்டியிருக்கும் வெட்டும் கலவையை மாற்றும். கால் முதல் முக்கால் வரை ஸ்லைடிலிருந்து தொங்கும் நீடில்தான் முதலாளி: மேலே தடிமனாகவும் கீழே மெலிந்தும் இருக்கும் அந்த ஊசி, நீடில் ஜெட்டின் துளைக்குள் ஏறி இறங்கி இடைவெளியைத் தீர்மானிக்கிறது. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டாற்போல் இருக்காது. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது கலந்துதான் வரும்.

சோக் என்று நாம் இழுக்கும் குமிழ் ஐந்தாவது வழி. இந்த வண்டிகளில் அது காற்றை அடைப்பதில்லை, குளிர்ந்த எஞ்சினுக்குத் தனியாகக் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடுகிறது. ஸ்லைடு மூடியிருந்தால்தான் அது ஒழுங்காக இழுக்கும். சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

கார்புரேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்

ஏர் ஃபில்டர் அழுக்கேறியிருந்தால் வண்டி ரிச்சாக ஓடும். ஃபோம் ஃபில்டரில் எண்ணெய் காய்ந்திருந்தால் தூசி நேரே உள்ளே போகும். பிளக் பழசா, பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்ததா, எஞ்சினுக்குள் கலவையை ஒருவழியாக மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ் ஓரத்தில் பிளந்திருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இவற்றில் மிகவும் கவனம் வேண்டியது ஏர் எடுப்பது. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ, மேக்னெட் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்திருந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். எந்த ஜெட்டைப் போட்டாலும் அந்தக் காற்றுக்கு ஈடு கட்ட முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி: ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல், ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றிலும், வளையம் இறுக்கியிருக்கும் இடத்திலும், கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். சூடான சைலன்சர் மேல் படக் கூடாது. எஞ்சினின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறாமலேயே ஐடில் இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் கிராங்க் சீலைச் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் அடையாளம் வேறு: கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ஆயில் அளவு மட்டும் காரணமே இல்லாமல் குறைந்துகொண்டே போகும்.

கழற்றிக் கழுவுதல்

நாள்பட நிறுத்தி வைத்த வண்டியென்றால் ட்யூனிங் என்ற பேச்சுக்கே இடமில்லை, முதலில் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோல் பைப்பை மூடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே இருப்பதை உடனே கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டு ஒதுங்கி நிற்கும் துளிகள் தண்ணீர். பித்தளை ஜெட்டின் தலையில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். கிண்ணத்தின் சுவரில் மஞ்சள் பிசின் ஒட்டியிருக்கும்.

பைலட் ஜெட் ஒரு குழிக்குள் ஒளிந்திருக்கும். தலை சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். பித்தளை மிருதுவானது, ஒருமுறை வழுக்கினால் வெட்டு சிதைந்து பிறகு வெளியே வராது. கழற்றியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கெய்ஹின் பைலட் ஜெட்டில் 42 என்று எழுதியிருந்தால் துளை ஏறக்குறைய 0.42 மி.மீ. என்று பொருள். அந்தத் துளை சுற்றிலும் ஒரே சீரான வட்டமாக, கூர்மையான ஓரத்தோடு தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் பாதி அடைந்திருக்கிறது. "வெளிச்சம் தெரியுதே" என்று விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம், துளையின் அளவே மாறிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் கம்ப்ரசர் காற்றில் ஊதினால் போதும். நீடில் ஜெட்டின் பக்கவாட்டில் வரிசையாக உள்ள பொடித் துளைகளையும், உடம்புக்குள் ஓடும் வழிகளையும் மறக்காமல் ஊதுங்கள்.

ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறதென்றால் கிண்ணத்தில் மிதக்கும் ஃபுளோட் மேலே ஏறும்போது பெட்ரோல் வரவை அடைக்கும் ஃபுளோட் ஊசியின் ரப்பர் முனையைப் பாருங்கள். அதில் வளையம் போல் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது இனி அடைக்காது, மாற்றத்தான் வேண்டும். ஃபுளோட்டின் உயரம் அந்தந்தக் கார்புரேட்டருக்குக் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். பெட்ரோல் மட்டம் மாறினால் எல்லா முறுக்கிலும் கலவை மாறும்.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறதா, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே கிக்கரில் கால் வையுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் "டக்" என்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். ஸ்லைடு மேலேயே மாட்டிக்கொண்டு எஞ்சின் கிளம்பினால் கட்டுப்படுத்த முடியாமல் அலறும்.

ட்யூனிங்

பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் செய்யும் ட்யூனிங் வீண்.

தொடக்கம் ஐடில். கலவைத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது; வெளியே திருகினால் லீன். எஞ்சின் பக்கமாக இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் ரிச். டர்ட் பைக் டூ-ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலும் முதல் வகைதான், இனி அதையே வைத்துச் சொல்கிறேன். மெதுவாக, அழுத்தாமல் முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடில் திருகால் வண்டி நிற்காத அளவுக்கு ரேஸ் வையுங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுத்துக் கேளுங்கள். எஞ்சின் வேகம் உச்சத்துக்கு வரும் இடம் ஒன்று இருக்கும். அங்கே நிறுத்தி ஐடிலைக் குறையுங்கள். அந்த உச்சம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறியது, அடுத்த பெரிய எண் வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு மேலும் போய்க்கொண்டே இருந்தால் ஜெட் பெரியது.

சரிபார்க்க, ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சத்தம் இறங்காமல் மேலேயே தொங்கினால் லீன், இல்லாவிட்டால் எங்கோ ஏர் எடுக்கிறது. ஐடிலுக்கும் கீழே போய், தடுமாறி, பிறகு மேலே வந்தால் ரிச்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவை தானாகவே லீன் ஆகிக்கொண்டு போகும். நிற்பதற்குச் சற்று முன்னால் எஞ்சின் தெளிந்து நன்றாக ஓடினால், அதுவரை ரிச்சாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஐடிலிலும் குறைந்த முறுக்கிலும் மட்டும் செய்யுங்கள். முழு முறுக்கில் செய்தால் லீன் ஆகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஐடிலுக்கு அடுத்து மெயின் ஜெட்டுக்குப் போங்கள், நீடிலுக்கு அல்ல. மெயின் ஜெட்டை மாற்றினால் நடு முறுக்கும் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு முனைகளையும் முதலில் நிறுத்திக்கொள்வது நல்லது. நீளமான நேர்த்தடத்தில் முழு முறுக்கில் ஓட்டிப் பாருங்கள். "பர்ர்ர்" என்று தடுமாறி, சத்தம் தெளிவடையாமலே இருந்தால் ரிச். ஒரு எண் குறைத்துப் போடுங்கள். முழு முறுக்கிலிருந்து இலேசாக விடும்போது வண்டி இழுவை கூடினால் லீன். பெரிய எண் போடாமல் இன்னொரு சுற்று ஓட்டாதீர்கள். எஞ்சினுக்குள் சில்லறை குலுங்குவதுபோல் சத்தம் கேட்டாலும் அப்படியே. வேறு கம்பெனி ஜெட்டின் எண்ணை இதோடு ஒப்பிட வேண்டாம்: கெய்ஹினில் எண் துளையின் விட்டத்தை ஒட்டியது, மிகுனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் திரவம் பாயும் அளவை ஒட்டியது.

முழு முறுக்குக்குப் பிளக்கைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். புதுப் பிளக் போட்டு, முழு முறுக்கில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். பார்க்க வேண்டியது வெளிமுனையை அல்ல. பீங்கான் உள்ளே போய் மறையும் அடிவாரத்தில் ஒரு பழுப்பு வளையம் தெரிய வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் ஆபத்து. ஐடிலில் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்க்கும் பிளக், ஐடிலின் கதையைத்தான் சொல்லும்.

கடைசியில் நீடில். அதன் தலையில் பள்ளங்கள் வெட்டி ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கி லீன் ஆகும். கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து ரிச் ஆகும். ஒரு பள்ளம் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். வளைவிலிருந்து வெளியே வரும்போது அரை முறுக்கில் எஞ்சின் பதில் சொல்லும் விதம் முழுக்க இந்தக் கிளிப்பில்தான் இருக்கிறது. பழைய ஆர்எக்ஸ்களில் கிளிப்பை எங்கே வைத்தாலும் கால் முறுக்கில் ரிச்சாகவே ஓடும் நோய் ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் ஊசி உரசி உரசி நீடில் ஜெட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துபோனதன் விளைவு அது. ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றினால்தான் தீரும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதை அன்றைய வெயிலோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

வெயில், மலை, இ20

வெயிலை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 22 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று ஏறக்குறைய 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. மே மாத மத்தியானத்தில் சரியாக ட்யூன் செய்த வண்டி, டிசம்பர் காலையில் கூடுதல் காற்றை இழுத்து லீன் ஆகிவிடும். சூடான எஞ்சின் வெயிலில்தான் போகும் என்று நினைக்கிறோம். பிஸ்டன் பிடிப்பதற்குக் குளிர்ந்த காலையும் காரணமாகலாம்.

மலையில் கணக்கு இன்னும் பெரிது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக இருந்த வண்டி மேலே ரிச்சாகி இழுக்காமல் திணறும். மெயின் ஜெட்டைக் குறைத்தால் சரியாகும். அதே சிறிய ஜெட்டோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் லீன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் பிடித்துக்கொண்டே வருகிற பழக்கமும் இதோடு சேர்ந்தால் பெட்ரோலோடு கலந்து வர வேண்டிய ஆயிலும் பிஸ்டனுக்குப் போவதில்லை. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வண்டி லீன் ஆவதற்கு இன்னொரு காரணம். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கே போதும். இ20-க்கு அது 13.5-ஐ ஒட்டி வருகிறது. அதாவது அதே காற்றுக்கு முன்பைவிட அதிக எரிபொருள் தேவை, ஆனால் பழைய ஜெட் பழைய அளவைத்தான் கொடுக்கும். 1985 முதல் 1996 வரை விற்ற ஆர்எக்ஸ்100 இந்த எரிபொருளை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. பல ஆண்டுகளாகத் தொடாமல் ஒழுங்காக ஓடிய வண்டி இப்போது பிளக்கை வெளுப்பாகக் காட்டினால் ஜெட்டை ஒரு எண் கூட்டிப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், சில வாரங்களுக்கு வண்டியை எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து உள்ளே இருப்பதை வடித்துவிட்டே நிறுத்துங்கள். ஆயில் கலந்த பெட்ரோல் கேனில் மிச்சம் இருந்தால் அதை அடுத்த சீசனுக்கு எடுத்துவைக்காமல், அப்போது புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.